மூன்றாவது கூப்பாடு

களக்காட்டு இலை மண்டிக்குப் போய் முத்துராணியைக் கூப்பிட்டுப் பாருங்கள். "முத்து" என்று வாயெடுத்ததுமே "ஆ, இந்தா வந்துட்டேன்" என்று பதில் வந்துவிடும். மிச்சம் இருக்கிற "ராணி"யை நீங்களே மென்று விழுங்க வேண்டியதுதான். கட்டிக்கொண்டிருக்கிற வாழையிலைக் கட்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வந்து நிற்பாள். கூப்பிட்டது அவளை இல்லை, அடுத்த வரிசையில் இருக்கிற வேறொருத்தியை என்று சொன்னாலும் முகம் சுளிக்கமாட்டாள். "கேட்டுச்சு, வந்தேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொள்வாள். மண்டிக்காரர் தேவசிகாமணி அண்ணாச்சிக்குச் சில நாள் பொழுது போகாது. சும்மாவே கூப்பிட்டுவிட்டு, அவள் வந்து நின்றதும், ஒன்றுமில்லை, இருக்கிறாயா என்று பார்த்தேன் என்பார். மற்ற பெண்கள் சிரிப்பார்கள்.

அவள் பையைப் பார்த்தும் சிரிப்பார்கள். எங்கே போனாலும் தோளில் ஒரு ரெக்சின் பை தொங்கும். பிளாஸ்டிக் தாளில் நாலு சுற்றுச் சுற்றிய தீப்பெட்டி இரண்டு, ஒரு டார்ச் லைட்டு, சின்னக் கத்தி, ஒரு முழக் கயிறு, கருப்பட்டித் துண்டு, பொரிகடலைப் பொட்டலம், தண்ணீர் பாட்டில். இது போக, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிவப்பு விசில். பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் ஊதுகிற அதே விசில்தான். மண்டிக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே ஒரு பஸ் ஸ்டாண்டும் இரண்டு டீக்கடையும்தான் இருக்கின்றன, இதற்குள் எந்தப் புலி வந்து இவளைத் தூக்கப்போகிறது என்று கேட்பார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவைப்பாள்.

சிரிக்கட்டும். சிரிக்கிறவர்களில் ஒருத்திகூட இரண்டு ராத்திரி மலைக்குள் கிடந்தது கிடையாது. அவள் கிடந்தாள். ஏழு வருசம் ஆகிறது. அந்தப் பையில் இருக்கிற ஒவ்வொரு சாமானும் அந்த இரண்டு நாளில் அவளிடம் இல்லாத சாமான். வேறு கணக்கு ஒன்றும் அதில் இல்லை.

முத்துராணி பிறந்தது முக்கூடலில். ஆற்றங்கரை ஊர், மலையெல்லாம் தூரத்தில் நீலமாகத் தெரிகிற ஊர். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அண்ணன் சுடலைமணிதான் கூலிக்கு டிராக்டர் ஓட்டி அவளை வளர்த்தான், அவனே மாப்பிள்ளையும் பார்த்தான். களக்காட்டுப் பக்கம் மலையடிவாரத்தில் வாழைத்தோப்பில் வேலை பார்க்கிற இசக்கியப்பன். நல்ல மனுசன். தண்ணீர் பாய்ச்சுவான், தார் வெட்டுவான், வெட்டின தாரைத் தோளில் சுமந்து ரோட்டுக்குக் கொண்டுவருவான். கெட்ட பழக்கம் என்று சொன்னால் பீடி ஒன்றுதான். மடியில் பீடிக்கட்டும் தீப்பெட்டியும் இல்லாமல் அவனைப் பார்க்க முடியாது.

கல்யாணமாகி வந்த புதிதில் தோப்புக்குக் கூட்டிப்போனபோதே அவளுக்கு ஒரு விசயத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டான். மலைக்குள் வாதை இருக்கிறது. அற்பாயுசில் செத்து, போக இடமில்லாமல் அலைகிற உயிர். அது மனுசனைப் பேர் சொல்லிக் கூப்பிடும், அதுவும் நமக்கு வேண்டப்பட்டவர்கள் குரலில் கூப்பிடும். பதில் சொன்னால் போச்சு, கூட்டிக்கொண்டு போய்விடும். ஆனால் அதனால் இரண்டு தடவைதான் கூப்பிட முடியும். மூன்றாவது கூப்பாடு மனுச வாயில் இருந்துதான் வரும். அதனால் மலைக்குள் யார் கூப்பிட்டாலும் மூன்றாவது தடவை கேட்ட பிறகுதான் பதில் சொல்ல வேண்டும். அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். முத்துராணி முதலில் சிரித்தாள். இரண்டு மூன்று வருசத்தில் சிரிப்பு நின்றுபோனது. இருபது வருசத்தில் அது அவள் புத்தியாகவே ஆகிவிட்டது.

மகளுக்குத் தலைப்பிரசவம் சிக்கலாகி, தாயும் பிள்ளையும் பிழைத்தது பெரும்பாடாகிவிட்டது. மலைக்குள் இருக்கிற சாஸ்தாவுக்குப் பொங்கல் வைக்கிறேன் என்று இசக்கியப்பன் நேர்ந்துகொண்டான். பங்குனி உத்திரத்துக்கு ஊரில் கணேஷ்ராம் என்று ஒரு வேன்காரர் ஆள் சேர்த்துக் கூட்டிப்போவார். வேன் நிற்கிற இடத்தில் இருந்து கோயிலுக்கு இரண்டு மணி நேர நடை. ஏழு நாள் விரதம். அந்த ஏழு நாளும் பீடியைத் தொடக்கூடாது. தொடவில்லை. தீப்பெட்டியையும் மடியில் இருந்து எடுத்து அடுப்படி மாடத்தில் வைத்துவிட்டான். இருந்திருந்தாலும் காட்டுச் சோதனைச் சாவடியில் வாங்கி வைத்திருப்பார்கள். வெயில் காலம், ஒரு பொறி போதும் மலையே எரிய. பொங்கல் வைக்கிறதற்கு அனுமதி வாங்கி, மொத்தக் கூட்டத்துக்கும் ஒரே ஒரு தீப்பெட்டி கணேஷ்ராம் கையில் இருந்தது.

பொங்கல் வைத்தார்கள், கும்பிட்டார்கள், சாப்பிட்டார்கள். எல்லாரும் இறங்க ஆரம்பித்து அரை மணி நேரம் நடந்த பிறகு முத்துராணிக்கு நினைவு வந்தது. பிரசாதப் பொங்கல் போட்டு வைத்த தூக்குச்சட்டியைக் கோயில் சுனைப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். மகளுக்கென்று எடுத்து வைத்த பொங்கல். நாம் இரண்டு பேரும் போய் எடுத்துவந்துவிடலாம் என்றான் இசக்கியப்பன். வேன் கீழே நிற்கும், பைய வாருங்கள் என்று கணேஷ்ராம் சொன்னார். அவர்மேல் தப்பில்லை. தெரிந்த பாதை, பகல் வெளிச்சம், இரண்டு பெரிய ஆட்கள். யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

தூக்கு இருந்தது. எடுத்துக்கொண்டு திரும்பி வருகிற வழியில் ஒரு ஓடை குறுக்கே போனது. இசக்கியப்பன் நின்று அதைப் பார்த்தான். பாதை மலையைச் சுற்றிச் சுற்றிப் போகிறது, ஓடை நேராகக் கீழே இறங்குகிறது. வேனைக் காக்க வைக்கிறோமே என்கிற கூச்சம் வேறு அவனுக்கு.

"இது எங்கன போவுது? நம்ம குளத்துக்குத்தான போவுது. தண்ணி போற வழியே போனா ஊரு வந்திரும்."

அட மனுசா. இருபத்தைந்து வருசம் வாய்க்கால் வெட்டி, மடை திறந்து, தண்ணீர் பின்னாலேயே நடந்தவனுக்கு வேறு எந்தப் புத்தி வரும்? தோப்பில் தண்ணீர் நடக்கும். மலையில் தண்ணீர் குதிக்கும். அது அவனுக்குத் தெரியாமல் போச்சு. முத்துராணிக்கும் தெரியாது. பாறைக்குப் பாறை இறங்கி இறங்கி ஒரு மணி நேரம் போனார்கள். பிறகு ஓடை திடீரென்று இல்லை. பனைமர உயரத்துக்குக் கீழே விழுந்திருந்தது. திரும்பி ஏறலாம் என்று பார்த்தால் இறங்கின பாறை ஒவ்வொன்றும் ஏற முடியாத பாறை. பக்கவாட்டில் ஒரு சரிவு தெரிந்தது. அதில் கால் வைத்தான். பாசி பிடித்த கல். அவன் வழுக்கினதை அவள் பார்க்கவில்லை, சத்தத்தைத்தான் கேட்டாள். இரண்டு ஆள் உயரம் உருண்டு கீழே ஒரு பாறையிடுக்கில் போய்க் கிடந்தான்.

அவள் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கிப் போய்ப் பார்த்தபோது வலது தொடை கோணலாகத் திரும்பியிருந்தது. தோல் கிழியவில்லை, ரத்தம் வரவில்லை. ரத்தம் வரவில்லையே என்று சாஸ்தாவுக்கு நன்றி சொன்னாள். பாவம், அது எவ்வளவு பெரிய ஏமாற்று என்று அவளுக்கு அப்போது தெரியாது.

கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தாள். தூக்கில் பாதிப் பொங்கல். பரிமாறி மிஞ்சின வாழையிலை ஏழெட்டு, சுருட்டியபடி. ஒரு துண்டு. சூடம் ஒரு பாக்கெட். பொங்கல் கிளறின மரக்கரண்டி. அவன் சட்டைப்பையில் பட்டன் போன், டவர் இல்லை. அவ்வளவுதான். சூடம் இருக்கிறது, பற்றவைக்கத் தீக்குச்சி இல்லை. பீடி குடிக்கிற மனுசன் மடியில் தீப்பெட்டி இல்லாத வாரம், வருசத்தில் அந்த ஒரு வாரம்தான். அதை நினைத்து நினைத்து அவள் பிற்பாடு எத்தனையோ தடவை தலையில் அடித்துக்கொண்டாள். அன்றைக்கு அடித்துக்கொள்ள நேரமில்லை.

இரண்டு குச்சி ஒடித்து, கரண்டியையும் சேர்த்து வைத்து, அவன் வேட்டியைக் கிழித்துக் காலைக் கட்டினாள். கட்டும்போது அவன் போட்ட சத்தத்தில் மேலே மரத்தில் இருந்த கருமந்திகள் ஓடின. நாலு இலையைக் கீழே விரித்து அவனை அதன்மேல் நகர்த்தினாள். முதல் ராத்திரி போன் வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு அணைத்துக் கழித்தார்கள். பக்கத்தில் ஏதோ பெரிதாக மூச்சு விட்டுக்கொண்டு போனது. விடியும்போது போன் செத்துவிட்டது.

மறுநாள் காலையில் தண்ணீர்தான் பெரிய கவலை. ஓடைக்கு ஏற முடியாது. பாறையில் ஓரிடத்தில் ஈரம் கசிந்துகொண்டிருந்தது, கையால் அள்ள முடியாத கசிவு. முத்துராணி இலைக்காரி இல்லையா? ஒரு இலையை நடு நரம்போடு மடித்துப் பாறை வெடிப்பில் செருகி, நுனியைத் தூக்குமூடிக்குள் இறக்கிவிட்டாள். சொட்டுச் சொட்டாக விழுந்தது. ஒரு மூடி நிறைய அரைப் பொழுது ஆகும். முதல் மூடியை அவன் வாயில் ஊற்றினாள், இரண்டாவதையும் அவன் வாயில் ஊற்றினாள். பொங்கலை உருட்டி ஊட்டினாள். நீ சாப்பிட்டாயா என்று கேட்டபோதெல்லாம் சாப்பிட்டேன் என்றாள். சாப்பிடவில்லை. பாறை வெயிலில் கொதிக்க ஆரம்பித்ததும் மிச்ச இலையை அவன்மேல் மூடினாள். எழுந்து எழுந்து சத்தம் போட்டுப் பார்த்தாள். பள்ளத்துக்குள் போட்ட சத்தம் அங்கேயே சுற்றி வந்து அடங்கியது. மதியத்துக்கு மேல் தொண்டை வறண்டு குரல் எழும்பவில்லை. அவனுக்குத் தொடை பூசணிக்காய் மாதிரி வீங்கி, முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

பொழுது சாய்கிற நேரம். எதிர் மேட்டில் இருந்து, பள்ளத்துக்கு அந்தப் பக்கம், ஒரு குரல் வந்தது.

"ஏளா... முத்துராணீ..."

அண்ணன் குரல். சந்தேகமே இல்லை. முக்கூடலில் ஆற்றங்கரையில் விளையாடிக்கொண்டிருந்தவளை ஆயிரம் தடவை சாப்பிடக் கூப்பிட்ட குரல், "ராணீ" என்று கடைசியில் இழுக்கிற அதே இழுப்பு. அவள் எழுந்தாள். வாயைத் திறந்தாள். இசக்கியப்பன் அவள் சேலையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து வாயைப் பொத்தினான். எங்கிருந்துதான் அந்தப் பலம் வந்ததோ.

"பதில் சொல்லாத. மூணாவது வரட்டும்."

அது அண்ணன் சத்தம் என்றாள், அவன் கைக்குள்ளேயே.

"அது அப்படித்தான்ட்டி வரும். உனக்கு ஆரு சத்தம் பிடிக்கும்னு அதுக்குத் தெரியும். முக்கூடல்ல இருக்க மனுசன் இங்கன எப்படி வருவாரு? மூணாவது வந்தா நானே பதில் சொல்லுதேன்."

இரண்டாவது தடவை வந்தது. முதலைவிடச் சத்தமாக வந்தது. "ஏளா... முத்துராணீ..." முடிகிற இடத்தில் குரல் உடைந்தது.

அவன் கையைத் தட்டிவிட அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? தொடை ஒடிந்து கிடக்கிற மனுசன். தட்டிவிடவில்லை. அவர் பொத்திவிட்டார், நான் என்ன செய்ய என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. அவளும் நம்பினாள். அதுதான் உண்மை. மூன்றாவது வரும் என்று காத்துக்கொண்டிருந்தாள். வந்ததும் கத்துவதற்கு மூச்சைக்கூட இழுத்துப் பிடித்து வைத்திருந்தாள்.

மூன்றாவது வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து எதிர் மேட்டில் ஒரு பறவை கத்தியது. இருட்டிவிட்டது. இசக்கியப்பன் கையை எடுத்தான். அவன் முகத்தில் இரண்டு நாளாக இல்லாத ஒரு தெளிவு.

"பாத்தியா? தப்பிச்சோம்" என்றான்.

பெண்டாட்டியைக் காப்பாற்றிவிட்டோம் என்கிற நிம்மதி அவனுக்கு. அந்த நிம்மதியோடேதான் அவன் போனான், அந்த ஒரு கொடுப்பினையாவது அவனுக்குக் கிடைத்தது. ராத்திரியில் உளற ஆரம்பித்தான். தோப்பில் மடை உடைந்து தண்ணீர் வீணாகப் போகிறது, அடை, அடை என்றான். உடம்பு சில்லென்று ஆகிக்கொண்டே வந்தது. அப்போதுதான் அவளுக்கு முதல் சந்தேகம் வந்தது. அந்தக் குரல் உடைந்ததே, வாதைக்குக் குரல் உடையுமா? எழுந்து நின்று, அண்ணே, அண்ணே என்று இருக்கிற தொண்டையெல்லாம் திரட்டிக் கத்தினாள். கேட்க அங்கே ஆள் இல்லை. விடிகிற நேரத்தில் இசக்கியப்பன் மூச்சு நின்றது. கடைசி மூடித் தண்ணீர் அவன் வாயில் இருந்து வழிந்து இலையில் ஓடியது.

அதற்கப்புறம் அவளுக்கு என்ன பயம்? வாதை வந்து கூட்டிப்போனால் போகட்டும். தூக்கில் ஒட்டியிருந்த பொங்கலை எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. அதைக் கொட்டிவிட்டு, ஒரு கல்லை எடுத்துத் தூக்கை அடிக்க ஆரம்பித்தாள். நிறுத்தாமல் அடித்தாள். தூக்கு நசுங்கி, கை தோலுரிந்து ரத்தம் வந்தது. வெயில் ஏறின கொஞ்ச நேரத்தில் எதிர் மேட்டில் ஆட்கள் தெரிந்தார்கள். முதலில் இறங்கி ஓடி வந்தது சுடலைமணி. அவ்வளவு பக்கத்தில்தான் இருந்திருக்கிறார்கள். இந்த யோசனை முந்தின நாள் ஏன் வரவில்லை என்று கேட்பீர்கள். அவளே அவளைக் கேட்காத நாள் இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அண்ணனிடம் சொன்னதை அவளும் கேட்டாள். தொடை எலும்பு உடைந்து உள்ளுக்குள்ளேயே ரத்தம் இறங்கியிருக்கிறது, முந்தின நாள் சாயங்காலம் கொண்டுவந்திருந்தால்கூடப் பார்த்திருக்கலாம் என்றார். முந்தின நாள் சாயங்காலம். டாக்டர் வேறு எந்த நேரத்தையாவது சொல்லியிருக்கக்கூடாதா?

பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, சுடலைமணி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஆள் பாதியாகிவிட்டிருந்தான். கணேஷ்ராம் போன் பண்ணியதும் கிடைத்த பஸ்ஸில் ஏறி வந்ததையும், தேடுகிற ஆட்களைப் பல பக்கமாகப் பிரித்து அனுப்பியதையும், அந்த மேட்டுக்கு அவனும் ஒரு வனக்காவலரும் மட்டும் போனதையும் சொன்னான். காவலருக்கு மத்தியானமே தொண்டை கட்டிவிட்டது. நீங்கள்தான் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். கூப்பிட்டுவிட்டு நின்று கேட்க வேண்டும், மறுபடி கூப்பிட வேண்டும்.

"ரெண்டு தடவ கூப்பிட்டேன்ளா. இன்னொரு தடவ கூப்பிடும்னு அவரு சொன்னாரு. வாய் வரல. நம்ம அப்பாவுக்கு நாந்தான கூப்பிட்டேன், ஞாபகம் இருக்கா? மூணாவது கூப்பிட்டா நீ செத்துட்டேன்னு நானே சொன்ன மாதிரி ஆயிரும்லா. அதான் கூப்பிடல. விட்டுட்டு வந்துட்டேன்."

முத்துராணிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. முக்கூடலில் அவர்கள் ஆட்களுக்குள் ஒரு முறை உண்டு. பாடையைத் தூக்குவதற்கு முன்னால் ரத்த உறவில் ஒருத்தர் குனிந்து, செத்தவர் காதில் மூன்று தடவை கூப்பிட வேண்டும். மூன்றாவதுக்கும் பதில் இல்லை என்றால்தான் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம், அப்புறம்தான் தூக்குவார்கள். அதனால் உயிரோடு இருக்கிறவரை அந்த ஊர்க்காரர்கள் யாரையும் தொடர்ந்து மூன்று தடவை கூப்பிடமாட்டார்கள். அப்பா செத்த அன்று அவளுக்குப் பத்து வயது. அண்ணன் குனிந்து அப்பா, அப்பா, அப்பா என்று கூப்பிட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள்தான். அவளுக்குத் தெரிந்த முறைதான். புகுந்த ஊர்ப் பயம் வந்து உட்கார்ந்து பிறந்த ஊர் முறையை மறக்கடித்துவிட்டது. அவன் அங்கே மேட்டில் மூன்றாவதைக் கூப்பிட முடியாமல் அழுதுகொண்டு நின்றிருக்கிறான். இவள் இங்கே பள்ளத்தில் மூன்றாவது வராதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நடுவில் ஒரு பள்ளம், அவ்வளவுதான்.

"உனக்குக் கேட்டுச்சாளா?" என்றான் சுடலைமணி.

அவன் முகத்தைப் பார்த்தாள். கேட்டது என்று சொன்னால் அந்த மனுசன் அன்றைக்கே ஆற்றில் விழுந்துவிடுவான். அவளுக்கு அவனை நன்றாகத் தெரியும்.

"கேக்கலண்ணே" என்றாள்.

"சத்தியமா?"

"சத்தியமாக் கேக்கல. பள்ளத்துக்குள்ள எப்படிக் கேக்கும்?"

அவன் நீளமாக மூச்சு விட்டான். ஏழு வருசம் அந்த ஒரு பொய்யை அவள் காத்துக்கொண்டு வந்தாள். நல்லநாள் பொல்லாத நாளுக்கு அண்ணன் வந்து, ஏதாவது பேச்சில் அந்த நாளைத் தொட்டு, கேக்கலல்லா என்று மறுபடி கேட்பான். கேட்கவில்லை என்பாள். வேறு யாரிடமும் அவள் வாய் திறந்ததில்லை, மகளிடம்கூட. ஒருத்தி காதுக்குப் போனால் ஆறு மாதத்தில் முக்கூடலுக்குப் போய்விடும். அந்தச் சொல்லாத பேச்செல்லாம்தான் இந்தப் பை, இந்த விசில், முதல் எழுத்திலேயே ஓடிவருகிற இந்த ஓட்டம். விசில் எதுக்கு என்று மண்டியில் ஒருத்தி கேட்டதற்கு, விசிலுக்குப் பேர் கிடையாது, எத்தனை தடவை ஊதினாலும் யாருக்கும் பயமில்லை என்றாள் ஒரு தடவை. கேட்டவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பங்குனி பிறந்தால் கணேஷ்ராம் வேன் புறப்படுகிற இடத்துக்குப் போய் நிற்பாள். மலைக்குப் போகிறவர்களிடம் ஓடையைப் பிடித்து இறங்காதீர்கள், தனியாகப் பிரியாதீர்கள், யாராவது கூப்பிட்டால் முதல் தடவையே பதில் சொல்லுங்கள் என்பாள். கடைசி வார்த்தைக்கு ஊர்க்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். புருசனைச் சாகக் கொடுத்து இவளுக்கு மூளை பிசகிவிட்டது என்று காதுபடவே பேசினவர்களும் உண்டு.

போன ஐப்பசியில் சுடலைமணி செத்துப்போனான். நெஞ்சுச்சளி, ஒரு வாரம் படுக்கை. செய்தி வந்ததும் முத்துராணி பையை மாட்டிக்கொண்டு முக்கூடலுக்குப் போனாள். பிள்ளை இல்லாத மனுசன். மதினி ஓய்ந்துபோய் மூலையில் உட்கார்ந்திருந்தாள். குளிப்பாட்டி, புதுவேட்டி சுற்றி, மாலை போட்டுப் படுக்கவைத்திருந்தார்கள். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. பாடை தயாரானதும் ஊர்ப் பெரியவர் ஒருத்தர், கூடப்பிறந்தவள்தான் கூப்பிட வேண்டும், வா தாயி என்றார்.

முத்துராணி போய் அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். குனிந்தாள்.

"அண்ணே" என்றாள்.

இரண்டாவது தடவை, கொஞ்சம் சத்தமாக, "அண்ணே" என்றாள்.

அதோடு அவளுக்கு நின்றுபோனது. மூன்றாவது வரவில்லை. அன்றைக்கு அந்த மேட்டில் இவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. பெரியவர், இன்னொரு தடவை கூப்பிடு தாயி, மழை வலுக்கிறது என்றார். யாரோ ஒருத்தி அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். மதினி மூலையில் இருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

பிறகு வாயை அவன் காதோடு ஒட்டி வைத்தாள்.

"அண்ணே" என்றாள். "எனக்குக் கேட்டுச்சுண்ணே. ரெண்டு தடவையும் கேட்டுச்சு."

பக்கத்தில் நின்றவர்களுக்கு அவள் உதடு அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. மூன்று ஆகிவிட்டது என்று பெரியவர் தலையசைத்தார். ஆண்கள் வந்து பாடையைத் தூக்கினார்கள்.